நிற்கும் நாளுக்கும் காசு எடுத்து வையுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஏற்றிய லாரி எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி, ஆரம்பாக்கத்தையும் கடந்துவிட்டால் தமிழ்நாடு முடிந்துவிடும். நெல்லூர், விஜயவாடா, ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று டில்லி வரை இன்னும் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் இருக்கிறது. மார்கழியிலும் தையிலும் இந்த வழியில் முதன்முறையாகச் சொந்த வண்டியை விடப்போகிறவர்கள் டீக்கடை பெஞ்சில் கேட்கும் முதல் கேள்வி, கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்பதுதான். ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடுவதற்கு ஆகும் செலவை எல்லோரும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். வண்டி நிற்பதற்கு ஆகும் செலவைப் போடுவதில்லை. குளிர்காலத்தில் சின்ன முதலாளிகளைக் கடனில் தள்ளுவது இந்த இரண்டாவது செலவுதான். மழை நிறுத்தும், பனிமூட்டம் நிறுத்தும், டில்லியின் புகை நிறுத்தும், ரிட்டன் லோடு கிடைக்காமல் நிற்க வேண்டிவரும். கையில் காசு இல்லாதவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓட்டுவார். அங்கேதான் உயிர் போகிறது.

நீண்ட பயணத்துக்கு எப்படித் தயாராவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கனடாவில் ஓய்வுபெற்றவர்கள் பலர், குளிர்காலம் வந்ததும் படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டியில் எல்லை தாண்டி அமெரிக்காவின் புளோரிடா, அரிசோனா பக்கம் போய்ச் சில மாதங்கள் தங்கி வருகிறார்கள். கிளம்பும் முன் வண்டியைச் சோதிப்பார்கள், வெளிநாட்டில் செல்லும் மருத்துவக் காப்பீடு எடுப்பார்கள், வீட்டில் கட்ட வேண்டிய கட்டணங்களுக்கு ஏற்பாடு செய்வார்கள். குளிரிலிருந்து வெயிலுக்கு ஓய்வாகப் போகிறவர்களே இவ்வளவு பார்க்கிறார்கள். வெயிலிலிருந்து குளிருக்கு, 20 டன் சுமையோடு, பிழைப்புக்காகப் போகிற நம் டிரைவருக்கு லாரி கேபின்தான் மூன்று வாரத்துக்கு வீடு. அவருக்காக நாம் அதைவிடக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

எத்தனை நாள்?

பணத்துக்கு முன் நாளைக் கணக்கிடுங்கள். ஒருவரே ஓட்டினால் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் என்று வையுங்கள். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொல்லும் பொது அளவும் அதுதான். சுங்கச்சாவடி, ஊர் நெரிசல் எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் என்றால் நாளுக்கு 320. டில்லிக்கு 7 நாள், திரும்ப 7 நாள். லோடு இறக்கவும் ரிட்டன் லோடு பிடிக்கவும் 3 நாள். ஆக 17. இதோடு குளிர்காலத்துக்கென்று 4 நாள் சேர்த்து 21 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த 4 நாள் எங்கே போகும்? முதல் நாளே போகலாம். நவம்பர், டிசம்பரில் நம் பக்கம் குளிருக்கு முன் வருவது மழை. 2021 நவம்பரில் பெண்ணாறு பெருகி நெல்லூர் அருகே தேசிய நெடுஞ்சாலை 16 துண்டிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் கரையை உலுக்கிவிட்டு பாபட்லா அருகே கரையைக் கடந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தம் இருக்கும்போது எளாவூரைத் தாண்டுவதைவிட, ஒரு நாள் பொறுத்து இங்கேயே நிறுத்தி வைப்பது லாபம்.

வண்டியில் என்ன பார்ப்பது?

காற்றிலிருந்து தொடங்குவோம். கும்மிடிப்பூண்டியில் 30 பாகை வெப்பத்தில் 110 பவுண்டு காற்று அடித்த டயர், 5 பாகைக் குளிருள்ள வடநாட்டு விடியலில் ஏறக்குறைய 100 பவுண்டுதான் காட்டும். ஓட்டை எதுவும் இருக்காது, குளிரில் காற்று சுருங்கியிருக்கும். குறைந்த காற்றோடு முழுச் சுமையை இழுத்தால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். ஆகவே ஜான்சி தாண்டியபின், காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். லாரி ரேடியல் டயர் செய்யும் மிச்செலின் ஆலை நம் தேர்வாய்க்கண்டிகையிலேயே இருக்கிறது. வழியில் அவசரத்துக்கு என்ன கிடைக்குமோ என்று நம்பாமல், நல்ல ஸ்டெப்னியை இங்கேயே வாங்கி மாட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது பேட்டரி. குளிரில் பேட்டரியின் திறன் குறையும், அதே நேரத்தில் என்ஜின் ஆயில் கெட்டியாகி செல்ஃப் மோட்டாருக்கு வேலை கூடும். சென்னையில் தட்டுத்தடுமாறி ஸ்டார்ட் ஆகும் பேட்டரி, குவாலியரில் விடியற்காலை மூன்று மணிக்குக் கைவிரித்துவிடும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் வடித்துவிட்டு, அளவாகக் கலந்த கூலன்ட் ஊற்றுங்கள். வைப்பர் ரப்பரை மாற்றுங்கள், கண்ணாடி உட்புறம் துடைக்கத் துணி வையுங்கள்.

டீசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசலில் மெழுகுத்தன்மை உண்டு, கடுங்குளிரில் அது திரண்டு பில்டரை அடைக்கும். இந்தியத் தரநிலைப்படி டீசலின் உறையும் நிலை கோடையில் 15 பாகைக்குள்ளும், குளிர்காலத்தில் 3 பாகைக்குள்ளும் இருக்க வேண்டும். சமவெளியில் இதனால் பெரிய தொல்லை வருவதில்லை. காஷ்மீர் வரை ஆப்பிள் ஏற்றப் போகிறவர்கள், தெற்கே நிரப்பிய டீசலோடு மலை ஏறாமல் அந்தப் பகுதி பங்கில் நிரப்பிக்கொள்ள வேண்டும். லடாக் பகுதிக்கென்று மைனஸ் 33 பாகை வரை ஓடும் தனி டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது. பி.எஸ். 6 வண்டியாக இருந்தால் அதில் ஊற்றும் ஆட்ப்ளூ திரவம் மைனஸ் 11 பாகையில் உறைந்துவிடும் என்பதையும், அது தீர்ந்தால் என்ஜின் இழுவையைக் குறைத்துவிடும் என்பதையும் டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.

இனி விளக்கு. வானிலைத் துறை 200 மீட்டருக்குள் பார்வை மறைந்தால் அடர்பனி என்றும், 50 மீட்டருக்குள் மறைந்தால் மிக அடர்பனி என்றும் சொல்கிறது. கங்கைச் சமவெளியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் இரண்டையும் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் லாரி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் நகரும். எதிரே ஏதோ தெரிகிறது என்று மூளை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால், பிரேக் பிடிக்கும் முன்பே 25 மீட்டர் போய்விட்டது. பார்வை தெரிவதே 50 மீட்டர். மீதி 25 மீட்டரில் 20 டன் கம்பியோடு வரும் வண்டியை நிறுத்தவே முடியாது. ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணிலேயே திரும்ப அடிக்கும். லோ பீமும், தாழ்வாகப் பொருத்திய பனி விளக்கும்தான் உதவும். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒளிரும் பட்டைகளைத் துடைத்து, உரிந்ததைப் புதிதாக ஒட்டுங்கள். பின்னால் வருகிறவருக்கு நம் வண்டி தெரிவது அந்தப் பட்டையால்தான்.

கம்பி லோடு ஏற்றுகிற கும்மிடிப்பூண்டிக்காரர்கள் இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாடிக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டிருப்பது 2014 முதல் விதிப்படி தடை. பனியில் பின்னால் வரும் காருக்கு லாரியின் பின்பலகை தெரிவதற்கு முன்பே கம்பி முனை கண்ணாடிக்குள் வந்துவிடும். சிவப்புத் துணி கட்டினால் போதும் என்பது பழைய பழக்கம். பனியில் அந்தத் துணி யார் கண்ணுக்கும் தெரியாது. நீளம் பொருந்தாத கம்பிக்குப் பொருந்தும் வண்டியைக் கேட்டு வாங்குவது லோடு அனுப்புகிறவரின் கடமை.

எடையிலும் அப்படியே. மூன்று அச்சு வண்டிக்கு மொத்த எடை வரம்பு 2018இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. அதற்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், மிகுதியாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அபராதத்தைவிட, பனியில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும் என்பதுதான் எனக்குக் கவலை.

காகிதங்களின் தேதி

ஆர்.சி., எப்.சி., காப்பீடு, பெர்மிட், புகைச் சான்று, டிரைவரின் லைசென்ஸ். ஆறையும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் முடியும் தேதியை ஒரே தாளில் எழுதுங்கள். கிளம்பும் நாளில் செல்லுபடியாவது போதாது. 21 நாளுக்குப் பின்னும் செல்ல வேண்டும். வண்டி எட்டு வயதைத் தாண்டிவிட்டால் எப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும் என்பதால் அதை முதலில் பாருங்கள். காப்பீட்டுத் தாளில் சொந்தமாக ஓட்டும் முதலாளிக்கு 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறதா, சம்பளத்துக்கு வரும் டிரைவரும் கிளீனரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் போனால், விபத்துக்குப் பின் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். 2,200 கிலோமீட்டருக்கு 11 நாள். நம் கணக்கில் 7 நாளில் போய்விடலாம், நான்கு நாள் தாமதமானால் அந்தப் 11 நாளும் தீர்ந்துவிடும். காலாவதியாவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போதான் அதை நீட்டிக்க முடியும். அந்த நேரத்தில் தொலைபேசி எடுக்கிற ஆள் யார் என்பதைக் கிளம்பும் முன்பே லோடு கொடுத்தவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டில்லிக்குள் நுழைய வண்டியின் பி.எஸ். புகைத் தரமும் முக்கியம். 2025 நவம்பர் 1 முதல், டில்லியில் பதிவாகாத சரக்கு வண்டிகளில் பி.எஸ். 4க்கும் கீழானவற்றுக்கு நகருக்குள் அனுமதி இல்லை. பி.எஸ். 4 வண்டிக்கு 2026 அக்டோபர் 31 வரை விலக்கு. அதிலும் காற்று மாசு மிக மோசமாகும் நாட்களில் அவசியப் பொருள் ஏற்றாத பழைய லாரிகளை எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்கள் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரிக்குள் வருகின்றன. பி.எஸ். 4 வண்டி வைத்திருப்பவர், லோடை நகருக்குள் இறக்க வேண்டுமா, வெளியே கிடங்கில் இறக்கலாமா என்று வாடகை பேசும்போதே கேட்டுவிட வேண்டும்.

அஞ்சறைப் பெட்டிக் கணக்கு

இப்போது பணத்துக்கு வருவோம். அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் கலக்காமல் இருப்பதுபோல் பணத்தை ஐந்தாகப் பிரித்து வையுங்கள். ஓட்டம், சாப்பாடு, பழுது, வீடு, நிற்பது.

ஓட்டம் என்பது டீசலும் சுங்கமும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கிடைத்தால் போகும்போது 550 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 50,600. ஆந்திரத்தில் டீசல் விலை கூடுதல் என்பதால் எல்லைக்கு முன் நிரப்புவதுதான் இந்தச் சாலையின் வழக்கம். சுங்கத்துக்கு ஃபாஸ்டாக்கில் போகும் வழி முழுவதுக்குமான தொகையைப் போட்டுவிடுங்கள். நடுவழியில் இருப்புத் தீர்ந்தால் யு.பி.ஐ.யில் கட்டினாலும் ஒன்றேகால் மடங்கு.

சாப்பாடு என்பது பேட்டாவும் வழியில் சமைக்கும் அரிசி, பருப்பு, புளி, பொடியும். இந்தப் பணம் முழுவதும் டிரைவர் கையில், கிளம்பும் அன்றே கொடுக்கப்பட வேண்டும்.

பழுது என்பது தனி. பஞ்சர், பெல்ட், கிளட்ச் என்று எது வந்தாலும் டீசல் பணத்தில் கை வைக்காமல் முடிக்க இது.

வீடு என்பது மாதத் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பொங்கல் செலவு. 21 நாள் பயணத்துக்குள் தவணைத் தேதி வர வாய்ப்பு மிக அதிகம். ரிட்டன் வாடகை வந்து கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கவே கூடாது. லோடு இறக்கி ரசீதில் கையெழுத்து வாங்கி, அந்தத் தாள் அலுவலகம் போய்ச் சேர்ந்த பின்தான் பேலன்ஸ் வரும். தவணைப் பணத்தை வங்கியில் போட்டு, அந்தக் கணக்கின் அட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஐந்தாவது அறை, நிற்பது. மாதத் தவணை 60,000 என்றால் நாளுக்கு 2,000. காப்பீடு, வரி, பெர்மிட், எப்.சி. சேர்த்து ஆண்டுக்கு 1,46,000 ஆனால் நாளுக்கு 400. இரண்டு பேர் சாப்பாடும் பேட்டாவும் 1,500. ஆக ஒரு நாள் நின்றால் 3,900. நான்கு நாளுக்கு 15,600. இவை எடுத்துக்காட்டு எண்கள்தான், உங்கள் வண்டிக்குரியதைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தொகை தெரிந்தால் இரண்டு நன்மை. வாடகை பேசும்போது ஹால்டிங், அதாவது நிற்கும் நாளுக்கான காசு, எவ்வளவு கேட்பது என்று தெரியும். ரிட்டன் லோடுக்குக் குறைந்த வாடகை சொன்னால், இன்னும் ஒரு நாள் காத்திருக்கலாமா, ஒப்புக்கொள்ளலாமா என்று பதற்றமில்லாமல் முடிவெடுக்கலாம்.

நாட்டு எல்லையையும் தாண்டினால்

லாரியோ, குடும்பத்தோடு போகும் வேனோ, ரக்சௌல் வழியாக நேபாளத்துக்குள் போகிறவர்களுக்குச் சில கூடுதல் ஏற்பாடுகள் உண்டு. நம் வாகனக் காப்பீடு இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். கூடுதல் பிரீமியம் கட்டி நேபாளத்துக்கும் நீட்டித்துக்கொள்ள வேண்டும். எல்லையில் வண்டிக்குச் சுங்க அனுமதிச் சீட்டு எடுத்து, அதில் உள்ள நாட்களுக்குள் திரும்ப வேண்டும். இந்திய 100 ரூபாய்க்கு நேபாளத்தில் 160 ரூபாய் என்பது 1993 முதல் மாறாத விகிதம். கையில் 100 ரூபாய்த் தாள்களாக வைத்திருப்பது பாதுகாப்பு. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஃபாஸ்டாக் அங்கே உதவாது. வேனுக்குள் படுக்கை, அடுப்பு என்று மாற்றம் செய்தவர்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிவில் ஏற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் விபத்தின்போது காப்பீட்டில் சிக்கல் வரும்.

கேபினுக்குள் இருக்கும் மனிதர்

இரண்டு கம்பளி, குல்லாய், கையுறை, காலுறை, ப்ளாஸ்க் ஆகியவற்றை முதலாளியே வாங்கிக் கொடுக்கட்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகிவிட்டது. சாலையில் ஓடும் பழைய வண்டிகளில் கதவிடுக்கு வழியாகக் குளிர் நேராக நெஞ்சில் ஏறும். ரப்பர் பீடிங் மாற்ற ஆகும் செலவு சிறியது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் மூடிய கேபினுக்குள் கரியோ விறகோ ஸ்டவ்வோ எரித்துவிட்டுத் தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சமையல் கேபினுக்கு வெளியே, வண்டி ஓரமாக. படுக்கும்போது கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைக்க வேண்டும்.

பனி இறங்கினால் எங்கே நிற்பது என்பதையும் முன்பே பேசி வையுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தினால் பின்னால் வருகிற வண்டி வந்து மோதும். தாபாவிலோ, பெட்ரோல் பங்கிலோ, லாரி நிறுத்தத்திலோ சாலையை விட்டு முழுவதும் உள்ளே போய்த்தான் நிற்க வேண்டும். அதற்கு, பனி கனப்பதற்கு முன்பே, மாலையிலேயே இடம் பார்த்துவிட வேண்டும். காலை வெயில் ஏறிய பின் எடுத்தால் போதும்.

சிப்காட்டில் லோடு அனுப்புகிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிசம்பர், ஜனவரியில் வடக்கே போகும் சரக்குக்கு வந்து சேரும் தேதியை இரண்டு நாள் தள்ளி எழுதுங்கள். ஹால்டிங் பணத்தை வாடகைத் தாளிலேயே குறிப்பிடுங்கள். பனியில் வண்டியை நிறுத்திவிட்டேன் என்று இரவில் போன் செய்யும் டிரைவரிடம், ஏன் நின்றாய் என்று கேட்காதீர்கள். நல்லது, விடிந்ததும் எடு என்று சொல்லுங்கள்.